சுங்கை சிப்புட் பல் கிளினிக் ஒன்றில் கிடைக்கும் பராமரிப்புப் பயிற்சி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைவரிசை ஒன்றின் மாடியில் இயங்கும் தனியார் பல் கிளினிக்குக்கு எங்கள் குடும்பத்தில் மூவர் போய்வருகிறோம். அம்மாவுக்கு மேல்தாடை முழுவதும் பொய்ப்பல். சித்தப்பாவுக்குக் கீழ்த்தாடையில் ஓர் இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதித்த செயற்கைப் பல்வேர். எனக்கு வேர்ச்சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லின்மேல் ஒரு கிரவுன், அதாவது பல்லை மூடும் உறை. பல் கட்டிக்கொள்ள ஈப்போவில் இதைவிடப் பெரிய இடங்கள் உண்டு. கட்டிய பல்லைக் காப்பாற்றும் வழியை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு என்பதால், அந்தச் சேவையைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகிறேன்.

பொய்ப்பல்லைக் கொடுத்த அன்றே, அங்குள்ள தாதி அம்மாவைக் கைகழுவும் தொட்டியின் முன் நிறுத்தி, கழற்றுவதையும் கழுவுவதையும் மாட்டுவதையும் அவர் கையாலேயே செய்யவைத்தார். தொட்டியில் முதலில் தண்ணீர் பிடித்துவைக்க வேண்டும், அல்லது மடித்த துண்டு ஒன்றைப் போட வேண்டும். வழுக்கி விழுந்தால், பல் பதித்திருக்கும் அக்ரிலிக் (ஒருவகை பிளாஸ்டிக்) தட்டு உடைந்துவிடும். பற்பசை கூடாது, ஏனெனில் அதிலுள்ள தேய்ப்புத் துகள்கள் அக்ரிலிக்கில் நுண்ணிய கீறல்களை உண்டாக்குகின்றன. தேநீர்க் கறையும் கிருமியும் அவற்றில்தான் குடியேறும். மென்மையான பிரஷும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் சில சொட்டும் போதும். கொதிநீரில் போட்டால் தட்டு நெளிந்துபோய், பிறகு ஈறின்மேல் சரியாக உட்காராது என்றதும், எதையும் வெந்நீர் ஊற்றிக் கழுவிப் பழகிய அம்மா கொஞ்சம் திடுக்கிட்டார்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்க மட்டும் அவர் இணங்கவில்லை. பொக்கைவாயோடு பேரப்பிள்ளைகள் முன்னால் இருக்க வெட்கம். தாதி வற்புறுத்தாமல், "ஈறுக்கும் ராத்திரியில ஓய்வு வேணும்லம்மா, படுக்கப் போறப்ப கழட்டி வைங்க, யாரு பாக்கப் போறா" என்று சொல்லி, இரவும் பகலும் மாட்டியே இருந்தால் தட்டின் அடியில் கேண்டிடா என்னும் பூஞ்சை பெருகி அண்ணம் சிவந்துபோகும் என்பதைப் படம் காட்டி விளக்கினார். அந்தப் படம் வேலை செய்தது.

பொலிடென்ட் போன்ற நுரைக்கும் மாத்திரைகளை முகப்பிலேயே விற்கிறார்கள், ஆனால் வாங்கும்படி நெருக்குவதில்லை. மாத்திரை தேய்த்துக் கழுவுவதற்கு மாற்றாகாது என்பதையும், ஊறவைத்த பல்லை நன்றாக அலசிய பிறகே வாயில் வைக்க வேண்டும் என்பதையும் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். இவ்வகை மாத்திரைகளில் சேர்க்கப்படும் பெர்சல்பேட் என்னும் இரசாயனம் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் எச்சரித்திருப்பதால், உறையைப் படித்து வாங்குவது நல்லது. உலோகக் கொக்கி உள்ள பொய்ப்பல்லை ஒருபோதும் குளோரோக்ஸ் போன்ற வெளுப்பானில் போடக்கூடாது, உலோகம் அரித்துவிடும்.

அம்மா வெற்றிலை போடுபவர். வேறு இடங்களில் கறைக்காகத் திட்டு வாங்கியிருக்கிறார். இங்குள்ள மருத்துவரோ கறையைப் பற்றி ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டு, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் விளக்கடித்து நிதானமாகப் பார்த்தார். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மலேசியாவில் அந்நோய் இந்தியர்களிடையே அதிகம். பல்லே இல்லாத கிழவிக்குப் பல் டாக்டர் எதற்கு என்று கேட்பவர்கள் நம் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு பரிசோதனையையே பதிலாகச் சொல்வேன்.

இம்ப்ளான்ட் டைட்டேனியத்தால் ஆனது, அதற்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நோய்ப்படும், அதுவும் பெரும்பாலும் வலியில்லாமலே. அழற்சி ஈறோடு நிற்கும்போது கண்டுபிடித்தால் குணமாக்கலாம். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் இழந்ததை மீட்பது கடினம். அதனால்தான் பொருத்தியவுடனே ஓர் எக்ஸ்ரே எடுத்துவைத்து, பிற்பாடு எடுப்பதை அதனோடு ஒப்பிடுகிறார்கள். சிகரெட்டை விடாத சித்தப்பாவை அடிக்கடி வரச்சொல்வதும் சரிதான், புகைப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். பல்லிடுக்கு பிரஷின் அளவைக் கண்ணாடி முன் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள்.

கிரவுனுக்கு இவ்வளவு பாடு இல்லை. உறைக்குச் சொத்தை வராது, அது முடியும் விளிம்பில் பல்லுக்கு வரும். ஆகவே தினமும் அந்த விளிம்பை ஒட்டி பல்நூல் போட வேண்டும், ஐஸ்கட்டி கடிக்கக்கூடாது.

குறைகள் இல்லாமல் இல்லை. பொய்ப்பல் போடுபவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்று தெரிந்தும் செங்குத்தான படிக்கட்டைத் தவிர வேறு வழி வைக்கவில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த அம்மாவுக்காக நான் அதைத் தமிழில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்ட வேண்டியிருந்தது. பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு சுருங்கிக்கொண்டே போவதால், பொய்ப்பல் நாளடைவில் தளர்வதும், அடிப்பகுதிக்குப் புதிதாக அக்ரிலிக் பூச வேண்டியிருப்பதும் இயல்பானவை. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். செலவுக்கு அஞ்சுபவர்கள் அரசாங்கப் பல் கிளினிக்கையும் விசாரித்துப் பார்க்கலாம், அங்கே காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

முன்பதிவு செய்யும்போதே பராமரிப்புப் பயிற்சியும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை காலையில் கூட்டம் நெரிவதால், தாதிக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. வேலைநாள் மதியத்தைக் கேட்டு வாங்குவது மேல்.