ஓரியண்ட் கமாசு: தினமும் கட்டினால் தெரியும் நிறைகுறைகள்

விலை குறைந்த ஆட்டோமேட்டிக் (கை அசைவில் தானே சாவி ஏறும்) டைவ் வாட்ச் எதை எடுத்தாலும் ஏதோ ஓரிடத்தில் செலவைக் குறைத்துத்தான் செய்திருப்பார்கள். அந்த இடம் எது என்று பார்த்து வாங்க வேண்டும். 2019-இல் வந்த ஓரியண்ட் கமாசுவில் கண்ணாடி, எந்திரம், கேஸ் மூன்றிலும் கை வைக்கவில்லை. குறைத்ததெல்லாம் செயினிலும் அதன் கொக்கியிலும்தான். பிற்பாடு மாற்றிக்கொள்ள முடிந்த பாகத்தில் குறை, மாற்றவே முடியாத பாகத்தில் தரம். வருடக்கணக்கில் கட்டப்போகிறவருக்கு இதைவிட நல்ல கணக்கு இந்த விலையில் அமைவது கடினம்.

அளவைப் பார்ப்போம். கேஸ் குறுக்களவு 41.8 மி.மீ., ஸ்ட்ராப் மாட்டும் 'காது'களின் முனைக்கு முனை 46.8 மி.மீ., தடிமன் 12.8 மி.மீ., ஸ்ட்ராப் அகலம் 22 மி.மீ. கையில் எப்படி உட்காரும் என்பதைச் சொல்வது இரண்டாவது எண்தான். மணிக்கட்டின் மேல்பக்கத் தட்டையான பகுதி 48 மி.மீ. இருந்தாலே காது வெளியே துருத்தாது. முழுக்கைச் சட்டையின் கஃப் இறுக்கமாக இருந்தால் மட்டும் வாட்ச் அதற்குள் நுழையாமல் விளிம்பில் முட்டும். பட்டனைக் கொஞ்சம் தள்ளித் தைத்துக்கொண்டால் போதும்.

உள்ளே இருப்பது ஓரியண்ட் சொந்தமாகச் செய்யும் F6922 எந்திரம். மணிக்கு 21,600 துடிப்பு, 22 ஜுவல் (உராய்வைக் குறைக்கும் சிறு கற்கள்), முழுதாகச் சாவி ஏறியிருந்தால் 40 மணி நேரத்துக்கு மேல் ஓடும். கையாலும் சாவி கொடுக்கலாம். கிரவுனை (பக்கவாட்டில் இருக்கும் சாவிக் குமிழை) முழுதாக வெளியே இழுத்தால் நொடிமுள் நிற்கும் என்பதால் போன் நேரத்தோடு நொடி சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் தரும் வரம்பு, நாளுக்கு 25 நொடி வரை வேகம், 15 நொடி வரை மந்தம். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சிலிருந்து வருகிறவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். மேல்வரம்பிலேயே ஓடினால் மாதத்துக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் முன்னால் போய்விடும். நடைமுறையில் தினமும் கட்டும் வாட்ச் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே ஓடும். எத்தனை நொடி வேகம் என்பதைவிட, தினமும் அதே அளவு வேகமா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரே சீராக நாளுக்கு 12 நொடி முந்துகிற வாட்ச்சைக் கடையில் டைமிங் மெஷினில் வைத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை ஒரு மயிரிழை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். ஒருநாள் 3, மறுநாள் 20 என்று அலைந்தால் கோளாறு வேறு இடத்தில்.

பின்மூடியைத் திறக்கும் முன் செலவில்லாத ஒரு வழி உண்டு. இரவில் கழற்றி வைக்கும் நிலையைப் பொறுத்து வாட்ச்சின் ஓட்டம் மாறும். டயல் மேல்நோக்கி ஒரு வாரம், கிரவுன் மேல்நோக்கி ஒரு வாரம், கிரவுன் கீழ்நோக்கி ஒரு வாரம் என்று வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் போனோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பகலில் ஏறும் நொடிகளை இரவில் எந்த நிலை திரும்பக் குறைக்கிறதோ அதையே வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் "இரவு கழற்றி வைத்தால் காலையில் நின்றுபோகிறது" என்று குறை சொல்வதுண்டு. வாட்ச்சில் கோளாறு இல்லை. கை அசைந்தால்தான் உள்ளிருக்கும் ரோட்டர் என்ற எடைத்தகடு சுற்றும், ரோட்டர் சுற்றினால்தான் வாட்ச்சை ஓட்டும் மெயின்ஸ்பிரிங் இறுகும். பாதி இறுகிய ஸ்பிரிங் பாதி நேரம்தான் தாங்கும். நின்றுபோன வாட்ச்சைக் குலுக்கிவிட்டுக் கட்டாமல் கிரவுனால் 20, 30 சுற்று கொடுத்துக் கட்டுங்கள். ஆட்டோமேட்டிக்கில் மெயின்ஸ்பிரிங் ஓர் அளவுக்குமேல் வழுக்கிவிடும். அதிகம் கொடுத்து அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அமைதியான அறையில் ரோட்டர் சுற்றும் சத்தம் லேசாகக் கேட்கும், அதுவும் இயல்புதான்.

இந்த வகை வாட்ச்சில் மிக அதிகமாகக் கெடுவது கிரவுன். காரணம், மூடும்போது காட்டும் அவசரம். இது திருகி மூடும் கிரவுன். இடப்பக்கமாகத் திருகினால் மரை விடுபட்டு வெளியே துள்ளும். மூடும்போது மெல்ல உள்ளே அழுத்தியபடி முதலில் இடப்பக்கமாகவே கால் சுற்று திருப்ப வேண்டும். மரை தன் இடத்தில் விழுவது விரலுக்குத் தெரியும். அதன்பிறகு வலமாகத் திருகினால் வெண்ணெய் போல உள்ளே போகும். கடினமாக இருந்தால் உடனே நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். கோணலாக ஏறிய மரையை அழுத்தித் திருகினால் கிரவுனும் கேஸ் குழாயும் சேர்ந்து தேயும், அதோடு தண்ணீர்ப் பாதுகாப்பும் போகும். முடிந்தமட்டும் இறுக்குவதும் தவறு. விரல் நுனியில் தடை தெரிந்ததும் விட்டுவிடலாம். மேலும் இறுக்கினால் உள்ளே தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் நசுங்கித் தட்டையாகும்.

தேதி, கிழமை வைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையே முட்கள் இருக்கும்போது கிரவுனால் நேரடியாகத் தேதியைத் திருப்பக் கூடாது. அந்நேரம் தேதிச் சக்கரத்தோடு பல் கோர்த்திருக்கும், வற்புறுத்தினால் பல் உடையும். முட்களை 6 மணிக்குக் கொண்டுவந்து, முந்தைய நாளின் தேதியையும் கிழமையையும் வைத்து, பிறகு முட்களை நள்ளிரவைத் தாண்டி ஓட்டி நேரம் வைத்தால் காலை மாலைக் குழப்பமும் வராது. தேதி மாறிய பிறகும் கிழமை மெதுவாகவே நகர்ந்து முடியும். நள்ளிரவுக்குப் பின் ஜன்னலில் இரண்டு கிழமைகள் பாதிப்பாதி தெரிந்தால் பதற வேண்டாம்.

தண்ணீர் பற்றி. டயலில் 200 மீட்டர் என்றிருக்கிறது. நீச்சல், மழை, கடல் குளியல் எதற்கும் தயங்க வேண்டியதில்லை. ஆனால் டைவிங் வாட்ச்சுக்கான சர்வதேசத் தரமான ISO 6425 சோதனைக்கு உட்பட்ட வாட்ச்சுகளில் வரும் 'டைவர்ஸ்' என்ற சொல் இதில் இல்லை. மூச்சுக்காற்று டேங்க் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குகிறவர்கள் அந்தச் சொல் பொறித்த வாட்ச்சை வாங்குவதே முறை. மற்றவர்களுக்கு ஆழத்தைவிட வெந்நீரும் சோப்பும்தான் எதிரி. சூட்டில் உலோகமும் ரப்பரும் ஒரே அளவு விரிவதில்லை, சோப்பு நீர் சாதா நீரைவிட எளிதாக இடுக்கில் ஊரும். வெந்நீர்க் குளியலுக்குக் கழற்றி வையுங்கள். கடலில் இறங்கினால் கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி, கண்ணாடியைச் சுற்றியிருக்கும் சுழலும் வளையமான பெசலைச் சில சுற்று திருப்பி அடியில் இருக்கும் உப்பையும் மணலையும் வெளியேற்றுங்கள். தண்ணீருக்குள் கிரவுனைத் தொடவே கூடாது.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வாட்ச்சைக் கொஞ்ச நேரம் கையில் கட்டிச் சூடேற விட்டு, கண்ணாடியின் நடுவில் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு வைத்து ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடத்தில் உட்புறம் பனி பிடித்திருந்தால் ஈரம் இருக்கிறது. நல்ல தண்ணீர் என்றால் அன்றைக்கே, உப்புத் தண்ணீர் என்றால் அந்த மணி நேரத்திலேயே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். வெயிலில் காயவைத்தால் ஈரம் ஆவியாகி எந்திரம் முழுக்கப் படியும். பின்மூடியை எதற்காகத் திறந்தாலும் மூடிய பிறகு தண்ணீர் புகுமா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அந்த மெஷின் இல்லாத கடையில் டைவ் வாட்ச்சைத் திறக்கவே விட வேண்டாம்.

கண்ணாடி சஃபையர். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, சஃபையருடையது 9. அதனால் சுவரில் உரசினாலும் கீறல் விழுவது அபூர்வம். விளிம்பில் நேராக அடிபட்டால் சிம்பு தெறிக்கலாம். நேர் வெயிலில் பிரதிபலிப்பு உண்டு. பெசல் தகடு அலுமினியம், அதில் கீறலும் வரும் நிறமும் மங்கும். 120 கிளிக்கில் இடப்பக்கமாக மட்டும் சுற்றும் பெசல் இது. தவறிப்போய் இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. முக்கோணத்தை நிமிடமுள்ளுக்கு நேராக வைத்தால் பார்க்கிங் நேரமோ அடுப்பில் வைத்த பருப்போ கணக்குத் தவறாது. விரல் ஈரமாக இருந்தால் பிடிமானம் போதவில்லை என்பது உண்மையான குறை. இருட்டில் ஒளிரும் பூச்சும் சீகோவின் லூமிபிரைட் பூச்சின் அளவுக்கு நீடிக்காது.

செயின்தான் பலவீனம். கேஸோடு சேரும் முனைத் துண்டுகள் உள்ளே வெற்று, அதனால் கலகலக்கும். கொக்கி மெல்லிய தகடு. வியர்க்கும் ஊரில் துண்டுகளின் இடுக்கில் கறுப்பாக அழுக்குச் சேர்ந்து அரம் போல ஊசிகளைத் தேய்க்கும். கிரவுன் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாரம் ஒருமுறை செயினை மட்டும் மென்மையான பல்துலக்கியும் சோப்பு நீரும் கொண்டு தேய்த்து அலசுங்கள். ரப்பரோ நைலானோ 22 மி.மீ.யில் எளிதாகக் கிடைக்கும். தோல் ஸ்ட்ராப் நம் வியர்வைக்குச் சில மாதத்தில் நாறிவிடும், வேண்டாம். மாற்றும்போது காதுகளின் உட்புறத்தில் டேப் ஒட்டிக்கொண்டால் கீறல் விழாது. காதுகளில் ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பாரை வருடம் ஒருமுறை புதிதாக்குங்கள். வாட்ச் கையிலிருந்து கழன்று விழுவதற்குப் பெரும்பாலும் அந்தச் சின்னக் கம்பி துருப்பிடிப்பதே காரணம்.

நேற்றுவரை சீராக ஓடிய வாட்ச் திடீரென்று நாளுக்குச் சில நிமிடங்கள் முந்தினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். டேப்லெட் உறையின் காந்தம், ஸ்பீக்கர், கைப்பை மூடியின் காந்தப் பொத்தான் போன்றவை, ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். திசைகாட்டியை அருகில் வைத்து முள் ஆடுகிறதா என்று பார்க்கலாம். காந்தம் நீக்கும் கருவியான டீமேக்னடைசர் மேல் வாட்ச்சை வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெதுவாகக் கை நீளத்துக்கு விலக்கிய பிறகு பொத்தானை விட வேண்டும். அருகிலேயே விட்டால் திரும்பக் காந்தம் ஏறும்.

சர்வீஸைப் பொறுத்தவரை ஐந்தாறு வருடத்தில் எண்ணெய் காயத் தொடங்கும். முழுதாகச் சாவி கொடுத்தும் 30 மணி நேரம்கூட ஓடவில்லை, அல்லது படிப்படியாக மந்தமாகிறது என்றால் நேரம் வந்துவிட்டது. சீகோ குழுமத்தின் NH35, NH36 எந்திரங்களைத் தனியாக வாங்கி மாட்டிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. F6922 அப்படிச் சுலபமாகக் கிடைக்காது, அதனால் கழற்றி, சுத்தம் செய்து, எண்ணெயிட்டுத்தான் ஓட்ட வேண்டும். வாங்கும் முன்பே ஓரியண்ட் எந்திரம் பிரித்துப் பழகிய மெக்கானிக் உங்கள் ஊரில் யார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஓ-ரிங்குகளையும் புதிதாக மாற்றச் சொல்லிப் பில்லில் எழுதி வாங்குங்கள்.