கடலோர ஊரில் ஒரு ரூஃப் ரேக்: பல மழைக்காலம் தாண்டிய பிறகு

ரூஃப் ரேக், அதாவது சாமான் ஏற்றக் காரின் கூரை மேல் மாட்டும் கேரியர் என்றாலே முதலில் வருகிற கேள்வி, "எத்தனை கிலோ தாங்கும்?" நாகர்கோவிலில் இருந்துகொண்டு ஒரு கயாக்கையும் (சின்னத் துடுப்புப் படகு) இரண்டு சைக்கிள்களையும் சில வருடங்களாகக் கார் மேல் ஏற்றி இறக்குகிறேன். கிலோ கணக்கு எனக்கு அவ்வளவாகத் தொல்லை கொடுத்ததில்லை. தொல்லை கொடுத்தவை மணக்குடி, முட்டம் பக்கத்து உப்பும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றும்தான். பெருநகரத்துக்காரர்களின் பரிந்துரைகளில் இந்த இரண்டும் பெரும்பாலும் வருவதில்லை. குமரி மாவட்டத்தில் ரேக் வாங்க நினைப்பவர்கள் இந்த இரண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏற்றுகிற பொருளைச் சொல்லிவிடுகிறேன். கயாக் பத்தடி நீளம், மேலே உட்கார்ந்து துடுப்பு போடுகிற வகை, பாலிஎத்திலீன், சுமார் 22 கிலோ. மணக்குடிக் காயலுக்கும் தேங்காய்ப்பட்டணம் கழிமுகத்துக்கும் போகும். ஆனி, ஆடியில் கடல் பக்கமே தலைவைப்பதில்லை. சைக்கிள்கள் கீரிப்பாறை, பேச்சிப்பாறை ஏற்றத்துக்கு.

ரேக் வாங்கப் போகும் முன் நம் வண்டியின் கூரையைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து அம்பாசடர், ஆம்னி, ஜீப்புகளில் கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் விளிம்பு ஒன்று இருக்கும். சபரிமலை சீசனில் கன்னியாகுமரியில் வந்து நிற்கும் பழைய வண்டிகளின் தலையில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கும் கேரியர்கள் அந்த விளிம்பைக் கவ்விப் பிடித்தவைதான். இப்போதைய கார்களில் பெரும்பாலானவற்றில் அந்த விளிம்பு இல்லை. ஒன்று, கூரை மொட்டையாக இருக்கும். அல்லது நீளவாக்கில் இரண்டு ரெயில், அதாவது பிடிக் கம்பி, இருக்கும். ரெயில் இருக்கிறதே என்று சந்தோஷப்படவும் முடியாது. பல மாடல்களில் அது வெறும் அலங்காரம், பிளாஸ்டிக். ரெனோ ட்ரைபர் போன்ற சில வண்டிகளில் ரெயில் 50 கிலோ தாங்கும் என்று நிறுவனமே சொல்கிறது. உங்கள் வண்டியில் எப்படி என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஷோரூமில் விற்பவர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். எழுத்தில் இல்லாவிட்டால் அது அலங்கார ரெயில் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் வண்டிக்கும் கையேட்டில் 50 கிலோதான். இதில் ரேக்கின் எடையும் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குறுக்குக் கம்பிகளும் அவற்றை ரெயிலில் பிடித்து நிறுத்தும் கால்களும் சேர்த்து 5 கிலோ, சைக்கிள் தட்டு ஒவ்வொன்றும் 4 கிலோ, சைக்கிள் ஒவ்வொன்றும் 14 கிலோ. ஆக, இரண்டு சைக்கிள் ஏற்றினால் 41. கயாக்கும் ஒரு சைக்கிளும் என்றால் 45. அதற்கு மேல் ஒரு பை வைக்கக்கூட மனசு வராது. மண் பாதையில் போவதானால் சுமையை மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. ரப்பர் தோட்டத்து வழிகளில் குழியில் இறங்கி ஏறும்போது கால்கள் படும் பாட்டைப் பார்த்தால் அது சரியான கணக்குதான்.

சரி, எதை வாங்குவது? எங்கள் பகுதி வெல்டிங் பட்டறைக்காரர் பிராண்ட் ரேக்கின் விலையைக் கேட்டதும் சிரித்தார். "எதுக்குண்ணே இவ்வளவு பைசா? நான் ஜிஐ பைப்புல அடிச்சித் தாறேன், யானை ஏறினாலும் வளையாது." உண்மைதான், வளையாது. விலையும் 20,000 ரூபாய்க்கு மேல் போகும் பிராண்ட் செட்டோடு ஒப்பிட்டால் கொசுறு. ஆனால் ஜிஐ பைப்பின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் எரிந்துபோகும். துரு பிடிப்பது எப்போதும் பற்றவைத்த இடத்தில்தான். மேலே பெயின்ட் அடித்து மறைத்தாலும் கடற்கரையில் கொஞ்ச காலம் நின்றால் பழுப்புக் கண்ணீர் விட ஆரம்பிக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வாய் மூடாத சதுரக் குழாய்க்குள் தண்ணீர் தேங்கினால் உள்ளிருந்தே அரித்துவிடும். மலையோரத்தில், குலசேகரம் அருமனை பக்கம் இருப்பவர்கள் பட்டறைக் கேரியரைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். கடலோரத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

நான் எடுத்தது அலுமினியக் கம்பி, குறுக்குவெட்டில் விமான இறக்கை போல இருக்கும் வகை. அலுமினியம் துருப்பிடிக்காது என்பதால் கவலை இல்லை என்று கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை. கம்பி அலுமினியம், போல்ட்டோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டு வேறு உலோகம் ஒட்டி இருந்து, நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி போல்ட்டைச் சுற்றி இறுகிவிட்டால் அலன் கீ வழுக்கும், போல்ட் தலை மழுங்கும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இதைத் தடுப்பது சுலபம். மாட்டும்போதே போல்ட் மரையில் கிரீஸ் தடவ வேண்டும்; வருடத்துக்கு ஒருமுறை, வைகாசி மழைக்கு முன், எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மறுபடி தடவ வேண்டும். கடற்கரையிலிருந்து திரும்பியதும் வண்டியைக் கழுவுகிறோமோ இல்லையோ, ரேக்கின் கால்களுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. மாற்றுப் போல்ட் வாங்கினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம் வேண்டாம், 316 கேளுங்கள். 316-இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். 304-இல் தேநீர்க் கறை மாதிரிப் புள்ளிகள் வந்துவிடும்.

ரேக்கின் காலுக்கு அடியில் இருக்கும் ரப்பர் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் இயற்கை ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடித்துப்போகும். இந்த வேலைக்கு ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர்தான் ஏற்றது. பழைய ட்யூபை வெட்டி வைப்பது நம்மூர்ப் பழக்கம். அதற்கு அடியில் கடற்கரை மணல் நாலு துகள் மாட்டினால் போதும், உப்புத்தாள் போல பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிடும்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ரெயிலையும் கூரையையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, முன்கண்ணாடி மேல் விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் டேப் வைத்து ஒரே அளவு பார்த்து முன்கம்பியை வைக்க வேண்டும். பின்கம்பி அதிலிருந்து 70 செ.மீ.யாவது தள்ளி இருந்தால் கயாக் ஆடாது. கூரை இடம் கொடுத்தால் இன்னும் தள்ளலாம். பின்கதவு முழுதாகத் திறக்கிறதா, ஆன்டெனாவில் எதுவும் இடிக்கிறதா என்று பாருங்கள். நாலு போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும், ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. நல்ல செட்டுகளில் தேவையான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கிற சாவி வரும். அதற்கு மேல் பலத்தைக் காட்டினால் ரெயில்தான் நசுங்கும். முதல் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி இறுக்கம் பார்த்துவிடுங்கள். இடம் சரியாக அமைந்ததும் ரெயிலில் சின்னதாக ஒரு அடையாளம் வைத்துக்கொண்டால் அடுத்த முறை டேப் தேவைப்படாது.

இனி காற்று. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக வண்டி ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. காற்று மேற்கிலிருந்து கணவாய் வழியாகப் பாய்கிறது. திருநெல்வேலி போகும்போது கணவாய்க்குள் அது பெரும்பாலும் நம் முதுகுப் பக்கம் இருக்கும். காவல்கிணறு தாண்டிச் சாலை வடக்கே திரும்பியதும் இடது பக்கத்திலிருந்து அடிக்கும், ஸ்டியரிங்கில் கை தானாக இறுகும். உண்மையான சோதனை திரும்பி வரும்போதுதான். வண்டி 70 கி.மீ. வேகத்தில் போகிறது, எதிர்க்காற்று 40 என்று வைத்துக்கொள்வோம். ரேக்கைப் பொறுத்தவரை அது 110 கி.மீ. வேகம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், சுமையைத் தூக்குகிற, இழுக்கிற விசை காற்றில்லாத நாளைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஸ்பீடோமீட்டர் 70 என்று காட்டுவதால் நமக்கு அது உறைக்காது. அந்த மாதங்களில் கயாக்கோடு கணவாயில் 50-க்கு மேல் போவதில்லை. பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

கட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். மணக்குடியில் வள்ளம் ஒதுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் கட்டைப் பார்த்துவிட்டு, "மக்கா, வயித்த மட்டும் கட்டிருக்க, தலையும் வாலும் சும்மா கிடக்கே, ஆடும்லா" என்றார். ரேக் நிறுவனங்களின் குறிப்பேடு சொல்வதும் அதைத்தான்: நடுவில் இரண்டு பட்டை, கூடவே முன்முனையிலிருந்தும் பின்முனையிலிருந்தும் வண்டிக்கு ஒரு கயிறு. முன்முனைக் கயிறு இருந்தால் காற்று மூக்கைத் தூக்காது. மேலே உட்காரும் வகைக் கயாக்கைக் கவிழ்த்துப் போடுவது நல்லது, மழைத் தண்ணீரும் தேங்காது. லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பட்டை வேண்டவே வேண்டாம். அதன் பிடி எவ்வளவு இறுகுகிறது என்று கைக்குத் தெரியாது; வெயிலில் சூடேறிய பாலிஎத்திலீன் அப்படியே குழிந்துவிடும். கொக்கியில் பட்டையை நுழைத்துக் கையால் இழுத்துப் பூட்டுகிற வகை போதும். குளச்சலில் நைலான் கயிறு எளிதாகக் கிடைக்கும், உறுதியும்கூட, ஆனால் நனைந்தால் நீளும். காலையில் விண்ணென்று கட்டியது ஒரு மழைக்குப் பிறகு தொளதொளக்கும். பாலியெஸ்டர் பட்டை நனைந்தாலும் அநேகமாக அப்படியே இருக்கும், வெயிலையும் கொஞ்சம் கூடவே தாங்கும்.

சத்தம் ஒரு தனித் தலைவலி. பட்டை காற்றில் அதிர்ந்து 'ம்ம்ம்' என்று முனகினால், அதை ஓரிரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள், நின்றுவிடும். சுமை இல்லாத வெறும் கம்பி விசிலடிப்பதற்குக் காரணம், கம்பியின் பின்னால் காற்றுச் சுழல்கள் ஒரே தாளத்தில் பிரிவது. கம்பியின் மேல்பள்ளத்துக்கு வரும் ரப்பர் பட்டையை முழு நீளத்துக்கும் போட்டாலே பாதி குறையும். உருண்டை, சதுரக் கம்பி வைத்திருப்பவர்கள் ஒரு கயிற்றை இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றிப் பார்க்கலாம். தாளம் கலைந்து சத்தம் அடங்கும்.

சைக்கிள் விஷயத்தில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. நிறுத்தியபடி கூரையில் ஏற்றினால் மொத்த உயரம் 2.8 மீட்டரைத் தொடும். போர்ட்டிகோ, கேபிள் டிவி ஒயர், தெருவுக்குள் தாழ்ந்திருக்கும் பலா, அயனிக் கிளை, கோவில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் கட்டும் தோரணம் எல்லாம் எதிரிதான். முன்சக்கரத்தைக் கழற்றி முன்கவையை (ஃபோர்க்) பூட்டுகிற தட்டில் உயரம் கொஞ்சம் குறையும், பிடிப்பும் நன்றாக இருக்கும். கார்பன் ஃப்ரேம் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சரி, ஃப்ரேமைக் கவ்வும் வகை ஆகாது. பின்கதவில் தொங்கவிடும் கேரியர் விலை குறைவு, தூக்கி ஏற்றும் சிரமமும் இல்லை. ஆனால் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறைந்துவிடுகின்றன. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் வர்க்கலைக்கோ கோவளத்துக்கோ போகிறவர்களுக்கு அந்த வம்பு வேண்டாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு, அனுமதித்த அளவைத் தாண்டி முன்னோ பின்னோ பக்கவாட்டிலோ மேலோ நீளும் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. 4 மீட்டருக்குள் அடங்கும் காரில் பத்தடிக் கயாக், அதாவது 3 மீட்டர் சொச்சம், வண்டியின் நீளத்துக்குள் அடங்கிவிடும். பதினாலடி வாங்கினால் 4.27 மீட்டர், வண்டியைவிட நீளம். கயாக் இன்னும் வாங்காதவர்கள் முதலில் வண்டியின் நீளத்தை அளந்துவிடுங்கள்.

மைலேஜ் குறையும். கூரை மேல் பெரிய பெட்டி வைத்தால் வேகச் சாலைகளில் 10 முதல் 25 சதவீதம் வரை குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. வெறும் கம்பிக்கு அவ்வளவு ஆகாது. ஆனாலும் ஆடியில் கயாக் சும்மா கிடக்கும்போது ரேக்கைக் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறேன். உப்பிலிருந்தும் அதற்கு ஓய்வு.

ரெயிலே இல்லாத வண்டிக்கு என்ன வழி? கதவுச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் கால்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பிடி உண்டு, பொதுவானது என்று விற்பதை வாங்காதீர்கள். என் தம்பியின் ஹேட்ச்பேக்குக்கு மெத்தை மாதிரியான ரேக் வைத்திருக்கிறோம். பட்டை கதவு வழியாக உள்ளே வந்து கட்டப்படும். பத்து நிமிடத்தில் மாட்டலாம், பெயின்ட்டுக்கும் சேதமில்லை. மழை பெய்தால் பட்டை வழியே தண்ணீர் இறங்கிச் சீட்டை நனைத்துவிடும் என்பதால் மாசி, பங்குனியில் மட்டும்தான் அதை வெளியே எடுப்பது. அதிலும் கணவாய்ப் பக்கம் போவதில்லை, மணக்குடி வரைதான்.