1998 ஸோரோவா, 2005 ஸோரோவா? அதே டீம்தான், ஆனா வாள்ல முனை இல்ல

முகமூடி மாட்டிக்கிட்டு வாளோட ஜனங்களுக்காக சண்டை போடற ஸோரோவோட இந்த ரெண்டு படத்துக்கும் டைரக்டர் மார்ட்டின் கேம்ப்பெல்தான். ஹீரோ அன்டோனியோ பாண்டராஸ், ஹீரோயின் கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ், மியூசிக் ஜேம்ஸ் ஹார்னர், எல்லாம் அதே செட்டு. ஆனா 1998ல வந்த 'தி மாஸ்க் ஆஃப் ஸோரோ' எங்க, 2005ல வந்த 'தி லெஜண்ட் ஆஃப் ஸோரோ' எங்க. முதல் படம் உலகம் பூரா 25 கோடி டாலர் கிட்ட அள்ளுச்சு, ரெண்டாவது 14 கோடி சொச்சத்துலயே படுத்துருச்சு. ஆன்டனி ஹாப்கின்ஸ் இல்ல, அதான் ஊத்திக்கிச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது பாதிதான் சரி. அவர் இல்லாம படம் எடுக்கலாம், அவர் கேரக்டர் பார்த்த வேலைய வேற யார்கிட்டயும் குடுக்காம எடுத்தா எப்படி?

மொதல்ல ரெண்டு படத்துலயும் வர்ற குடி சீன மட்டும் எடுத்துக்குவோம். முதல் படத்துல அலெஹாண்ட்ரோ (பாண்டராஸ்) வெறும் திருடன், அண்ணன் வாக்கின் முரியெட்டா சாவுக்கு கேப்டன் ஹாரிசன் லவ்தான் காரணம், இவன் அந்த வெறியில குடிச்சுக்கிட்டே திரியறான், சின்ன வயசுல அண்ணன் ஸோரோ கையால வாங்கின வெள்ளி மெடலையே ஒரு கிளாஸ் சரக்குக்கு அடகு வைக்கிற அளவுக்கு இறங்கிட்டான். அந்த நேரம் பார்த்து லவ் அந்தப் பக்கம் வர்றான், இவன் பாய்ஞ்சு போய் வெட்டப் பார்க்க, இருபது வருஷம் ஜெயில்ல கெடந்துட்டு வந்த கெழவன் டியேகோ, அதாவது ஹாப்கின்ஸ் நடிச்ச பழைய ஸோரோ, குறுக்க புகுந்து தடுக்கறாரு. நீ வீரமா சண்டை போட்டிருப்ப, சீக்கிரமா செத்திருப்பன்னு ஒரு போடு போடறாரு பாருங்க, அந்த ஒரு சீன்ல ஹீரோவோட குறை என்ன, குரு யாரு, இனிமே கதை எங்க போகும், எல்லாம் வந்துருது.

ரெண்டாவது படத்துல? ஸோரோவாயிட்ட அலெஹாண்ட்ரோவுக்கு பொண்டாட்டி எலேனா (ஸீட்டா ஜோன்ஸ்) டிவோர்ஸ் பேப்பர் அனுப்பிடறா, இவரு குடிச்சுட்டு புலம்பறாரு, கூட டொர்னாடோ குதிரையும் குடிக்குது. வாயில பைப்பு வேற. சிரிப்பு வரலையான்னா, வந்துச்சு, பொய் சொல்லல. ஆனா அந்த சிரிப்போட அந்த ஆளு மேல இருந்த மரியாதையும் போயிருச்சு.

முதல் படத்துல முகமூடிய சும்மா தூக்கிக் குடுக்க மாட்டாங்க. குகைக்குள்ள தரையில வட்டம் போட்டு நாள் கணக்கா பழக்குவாரு டியேகோ, கத்தி பிடிக்கத் தெரியுமான்னு கேட்டா கூர் முனை எதிராளி உடம்புல போகணும்னு இவன் நக்கலா சொல்வான், தெரிஞ்சது அவ்வளவுதான். குருகிட்ட சொல்லாம முகமூடிய மாட்டிக்கிட்டு பட்டாள முகாம்ல குதிரை திருடப் போய் அந்த இடத்தையே ரெண்டாக்கிட்டு வருவான், அதுக்கு செம டோஸ் வாங்குவான், ஸோரோன்னா மக்களுக்கு சேவகன், நீ பேருக்கு அலையற திருடன்னு. அப்புறம் பணக்கார சீமான் மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு லவ் ரூமுக்குப் போறப்போ அங்க கண்ணாடி ஜாடிக்குள்ள அண்ணன் தலை மிதக்குது, அதைப் பார்த்தும் முகத்துல ஒண்ணுமே காட்டிக்காம நிக்கணும். வாள் வித்தையவிட கஷ்டமான பாடம் அதுதான், பாண்டராஸ் பிச்சிருப்பாரு. நெஜ வரலாற்றுலயும் 1853ல ஹாரி லவ்னு ஒருத்தர் தலைமையில போன ரேஞ்சர்ஸ், வாக்கின் முரியெட்டாங்கற கொள்ளைக்காரன் தலைன்னு சொல்லி ஒரு தலைய ஜாடியில போட்டு ஊர் ஊரா காட்டினாங்க. படம் அந்த சங்கதிய பன்னெண்டு வருஷம் முன்னாடி தள்ளிக்கிச்சு, நமக்கு உறுத்தல, ஏன்னா கதைக்கு அது தேவைப்பட்டுச்சு.

ரெண்டாவதுலயும் வரலாற்ற வளைக்கறாங்க. கதை நடக்கறது 1850, கலிஃபோர்னியா அமெரிக்காவோட சேர்ற வருஷம். அதுக்குள்ள கான்ஃபெடரேட் கர்னல் ஒருத்தர் வெடிமருந்து வாங்க வர்றாரு, அமெரிக்காவுல இருந்து பிரிஞ்சுபோன தென் மாநிலங்களோட அந்த கான்ஃபெடரசியே 1861லதான் பொறந்துச்சு. லிங்கன் வந்து நிக்கறாரு, அப்போ அவர் ஸ்ப்ரிங்ஃபீல்டுல வக்கீல். ரயில் ஓடுது, கலிஃபோர்னியாவுல மொத ரயிலே 1856லதான். நைட்ரோகிளிசரின்ங்கற வெடிமருந்து மட்டும் ஓகே, அது 1847லயே கண்டுபிடிச்சது. இதெல்லாம் மன்னிச்சுடலாம், ஆனா இத்தன வளைச்சும் கதைக்குன்னு ஒண்ணும் கெடைக்கலையே, அதான் கடுப்பு.

வில்லன் விஷயமும் அதே கதைதான். முதல் படத்து மோன்டெரோ டியேகோவோட குடும்பத்தையே அழிச்சுட்டு அவர் பொண்ணு எலேனாவையே தன் பொண்ணா வளர்த்தவன், அவ மேல நெஜமாவே பாசம் வச்சிருக்கான், அதனால அவன் பேசறப்போ நமக்கே கொஞ்சம் சங்கடமா இருக்கும். ரெண்டாவது படத்து கவுன்ட் அர்மான், ரூஃபஸ் சூவெல் நல்ல நடிகர்தான், ஆனா ரகசிய சங்கம், ஒயின் பாட்டில்ல வெடிமருந்து, அமெரிக்காவ உடைக்கற பிளான்னு போகுது. ஸோரோவுக்கும் அவனுக்கும் என்ன பகைன்னு கேட்டா, அவன் எலேனா பின்னாடி சுத்தறான், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் ரெண்டாவது படத்துல ஒரு நல்ல கேள்வி இருந்துச்சு. ஓட்டுப்பெட்டியக் கொள்ளையடிக்க வர்றவங்கள ஸோரோ தடுக்கறதுலதான் படமே ஆரம்பிக்குது. ஜனங்களே ஓட்டு போட்டு ஆட்சிய முடிவு பண்ணிக்கப் போறாங்க, இனிமே முகமூடி எதுக்கு, வீட்டோட இருன்னு எலேனா கேட்கறா. அருமையான பாயின்ட், இத வச்சே முழுப்படம் எடுக்கலாம். ஆனா இவங்க அத புருஷன் பொண்டாட்டி சண்டையாக்கி, பிங்கர்டன்ங்கற துப்பறியும் கம்பெனி ஆளுங்க மிரட்டினதாலதான் எலேனா பிரிஞ்சுபோனான்னு ஒரு ட்விஸ்ட போட்டு மூடிட்டாங்க.

அலெஹாண்ட்ரோ, எலேனாவோட பையன் வாக்கின் (செத்துப்போன அண்ணன் பேர்தான்) கேரக்டர் மட்டும் பிடிச்சிருந்தது, வகுப்புல வாத்தியார்கிட்டயே ஸ்கேல வச்சு வாள் சண்டை போடறான், சின்னப்பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அந்தப் பையனுக்கு அலெஹாண்ட்ரோ குருவா மாறியிருந்தா ஹாப்கின்ஸ் இடம் தானா நிரம்பியிருக்கும், ஆனா அப்பாதான் ஸோரோன்னு அவனுக்குத் தெரியறதே கடைசியிலதான்.

வீட்ல குட்டிப்பசங்க இருந்தா 2005 படத்த போட்டு விடுங்க, ரயில் சண்டை நல்லாவே போகும். நீங்க மட்டும் உக்காந்து பார்க்கறதா இருந்தா 1998தான், அதுலயும் லாயத்துல எலேனாவும் ஸோரோவும் வாள் வீசற சீன் வர்றப்போ ஃபோன ஓரமா வச்சுருங்க.