வெறுங்கால், ஹவாய் செருப்பு, ஷூ: வடசென்னையில் வாக்கிங் போக எது சரி?

வாக்கிங் என்றதும் எத்தனை கிலோமீட்டர் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், காலில் என்ன போட்டு நடக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். உடம்பின் மொத்த பாரத்தையும் தாங்குவது அதுதான்.

வெறுங்காலில் நடந்தால் பாதத்தின் சின்னத் தசைகளுக்கு நல்ல வேலை கிடைக்கும். திருவொற்றியூர் கோயில் பிராகாரத்தைக் கல் சூடேறும் முன் சுற்றி வருகிறீர்களா, தாராளமாகச் சுற்றுங்கள். ஆனால் காசிமேட்டுப் பக்கம் மீன் முள், தூண்டில் முள், பாட்டில் சில்லு எல்லாம் கிடக்கும், அங்கே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பல வருடச் சர்க்கரையில் பாத நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினால் வலிக்காது, வலிக்காததால் பார்க்க மாட்டோம், பார்க்காமல் விட்ட புண் சீழ் பிடித்து விரலையே எடுக்கிற நிலைக்குக் கொண்டுபோய்விடும். கோயிலுக்குப் போய் வந்தால் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.

நம்ம ஏரியாவில் நிறையப் பேருக்கு ஹவாய்தான் எல்லாவற்றுக்கும். பால் வாங்கப் போக, மழைத்தண்ணீரில் இறங்க அதை அடிச்சிக்க ஆளில்லை. ஆனால் அரை மணி நேரம் வேகமாக நடப்பதற்கு அது ஆகாது. செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் அதைக் கவ்விக்கொண்டே இருக்கும், எடுத்து வைக்கிற அடி சின்னதாகும், குதிகாலுக்குப் பின்னால் பிடிப்பே கிடையாது. காலையில் எழுந்து வைக்கிற முதல் அடியில் குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி வலித்து, கொஞ்சம் நடந்ததும் குறைகிறதா? உள்ளங்காலில் குதிகால் முதல் விரல் வரை ஓடுகிற தசைநார்ப் பட்டை பாதிக்கப்பட்டிருக்கலாம். தேய்ந்து தட்டையான செருப்பு அதை இன்னும் மோசமாக்கும்.

தினமும் நடக்கிறவர்களுக்கு என் ஓட்டு ஷூவுக்குத்தான், அதுவும் விலையைப் பார்த்து அல்ல. சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கி அதன் முழு அளவில் இருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள்: விரல் மடங்குகிற இடத்தில் மடங்கினால் நல்லது, நடுவில் இரண்டாக மடங்கினால் வேண்டாம். ஷூவின் எதிரி நம் ஊர் வேர்வையும் மழையும்தான். ஈர சாக்ஸோடு இருந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும், அதனால் கழுவியதும் இடுக்கை நன்றாகத் துடைக்க வேண்டும்.

கால் மரத்துப்போனவர்களுக்கு, குறிப்பாக ஷூ ஒத்துவராத பெரியவர்களுக்கு, பின்பக்கம் வார் வைத்த எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு நல்லது. உள்ளே மெத்தென்று இருக்கும், அழுத்தம் ஒரே இடத்தில் விழாது. ஷூவோ செருப்போ, போடும் முன் உள்ளே கைவிட்டுக் கல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கணும்.

நடக்கிற இடம்? கன்டெய்னர் லாரி ஓடுகிற எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் வேண்டவே வேண்டாம். ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது, பெரம்பூரில் முரசொலி மாறன் பூங்கா இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வாரத்துக்கு 150 நிமிடத்தை, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில், அங்கே பிரித்து நடக்கலாம். மழை நாளில் சாப்பிட்ட பிறகு வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்தாலும் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். பாதத்தில் புண் இருந்தால் மட்டும் நடையை நிறுத்திவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.