சபாத் உணவின் சூடு: அடுப்பில் விடுவதா, பொதிந்து வைப்பதா?

வெள்ளி மாலை சூரியன் மறைந்து வார ஓய்வுநாளான சபாத் தொடங்கினால் யூதர் வீட்டில் தீ மூட்டுவதும் சமைப்பதும் நின்றுவிடும். ஆனாலும் மறுநாள் மதியம் சூடாகச் சாப்பிடுவது சபாத்தின் மகிழ்ச்சியில் சேர்ந்தது. அதற்கு யூதச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு.

ஷெஹியா என்றால் பானையை அடுப்பிலேயே விட்டுவைப்பது. யாராவது தணலைக் கிளறிவிடுவார்களோ என்பதுதான் கவலை. அதனால் தணலை வாரிவிடு, இல்லையேல் சாம்பலால் மூடு என்கிறது யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. அதற்கு ஈடாக இன்று கேஸ் அடுப்பின் தீமேல் உலோகத் தகட்டைப் போட்டு அதன்மேல் பானையை வைக்கிறார்கள்.

ஹத்மனா என்றால் பானையைச் சுற்றிப் பொதிவது. இங்கே விதி கடுமை. எரு, உப்பு, சுண்ணாம்பு, மணல் போலச் சூட்டைக் கூட்டும் பொருளில் வெள்ளி பகலிலேயே பொதியக் கூடாது. துணி, புறா இறகு, மரத்தூள் சூட்டைக் காக்க மட்டுமே செய்யும். அவற்றில் வெள்ளி பகலில் பொதியலாம், சபாத் தொடங்கியபின் கூடாது. வேறு பாத்திரத்துக்கு மாற்றிய உணவுக்கு அந்தத் தடை இல்லை. பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிவைக்க இது வழிவிடுகிறது.

இரண்டும் மோதுவது ஸ்லோ குக்கரில். சூடேறும் சுவர் பானையைச் சூழ்ந்திருக்க, மேற்புறம் மட்டும் திறந்திருக்கிறது. பாதி மூடினாலும் பொதிதலே என்பது 16ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் யோசேப் காரோவின் முடிவு. ஸ்பெயின் மரபு யூதர்களான செபார்டிகள் அவர் வழி. போலந்தின் கிராக்கோ நகர ரப்பி மோசே இஸ்ஸர்லெஸ், மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்களான அஷ்கெனாசிகளுக்கு அதைத் தளர்த்தினார்.

இரவெல்லாம் வேகும் சபாத் குழம்பான சோலண்டுக்கு நான் தகட்டையே தேர்வேன். அங்கே இந்தச் சர்ச்சைக்கே இடமில்லை.