1/8 பக்கி: நைட்ரோ எஞ்சினா, பிரஷ்லெஸ் மோட்டாரா?

1/8 பக்கி (நிஜ வண்டியின் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள, கரடுமுரடான தரையில் ஓடும் கார்) போன்ற சக்திவாய்ந்த ரேடியோ கார் கட்ட இறங்குபவர்கள் முதலில் கேட்பது, எது அதிக வேகம் போகும் என்பதைத்தான். அதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. 2014இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நிக் கேஸின் மின்சாரக் கார் மணிக்கு 325 கிலோமீட்டரைத் தொட்டுக் கின்னஸில் இடம்பிடித்தது. நாம் கேட்க வேண்டியது வேறு: அவ்வளவு சக்தியைக் கொடுத்தால் வண்டியில் எந்தப் பாகம் முதலில் உடையும்?

6எஸ் லைப்போ, அதாவது ஆறு செல்களைத் தொடராக இணைத்த லித்தியம் பாலிமர் பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் 22.2 வோல்ட். மோட்டார் 100 ஆம்பியர் இழுத்தால் 2.2 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 3 குதிரைத்திறன். மெத்தனாலும் நைட்ரோமெத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் 3.5 சிசி நைட்ரோ எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. ஆனால் அந்தத் திறன் சக்கரத்துக்கு வந்துசேரும் விதம் முற்றிலும் வேறு. நைட்ரோ எஞ்சின் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளை எட்டும்போதுதான் முழு பலம் காட்டும். கிளம்பும்போது கிளட்ச் கொஞ்சம் வழுக்கி அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்ளும். பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் பிரஷ் இல்லாத) மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும் கொட்டிவிடும். நடுவில் கிளட்ச் கிடையாது. அடி முழுவதும் டிஃப்பரன்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி) பற்களிலும் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டிலும் விழுகிறது.

அதனால்தான் மின்சார பக்கியில் மோட்டாரை மாற்றுவதற்கு முன் பற்சக்கரங்களுக்குச் செலவழியுங்கள் என்று அடித்துச் சொல்வேன். எஃகு ஸ்பர் கியர் (மோட்டார் சுழற்றும் பெரிய பற்சக்கரம்), முன்பின் அச்சுகளுக்கு நடுவில் உள்ள டிஃப்பரன்ஷியலில் கெட்டியான சிலிக்கான் எண்ணெய், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் பஞ்ச் (கிளம்பும்போது மோட்டார் பாயும் வேகம்) அளவைக் குறைத்து வைப்பது: இந்த மூன்றும் பெரிய மோட்டாரைவிட வண்டிக்கு நன்மை செய்யும். மோட்டார் தண்டில் மாட்டும் சிறு பற்சக்கரமான பினியனில் ஒரு பல் கூட்டினாலே மோட்டார் கூடுதலாகச் சூடாகும். எனவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சில நிமிடம் ஓட்டி, வெப்பநிலையை அளந்து பாருங்கள்.

நைட்ரோவில் உடைவது பற்கள் அல்ல, எஞ்சின். காற்றோடு சேரும் கலவையில் எரிபொருள் குறைந்தால் உயவும் குறைகிறது, ஏனென்றால் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருகிறது. சூடு ஏறி பிஸ்டனும் கனெக்டிங் ராடும் போய்விடும். காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியையும் திருப்ப வேண்டும். புகைக்குழாயில் தெரியும் புகையைப் பார்த்தும் ஒலியைக் கேட்டும் அதைச் சரிசெய்யப் பழகும் சுகம், எனக்கு வேறு எந்த வண்டியிலும் கிடைத்ததில்லை. ஓட்டி முடித்ததும் மீதி எரிபொருளை வடித்து எண்ணெய் விடாவிட்டால் பேரிங்குகள் துருப்பிடிக்கும். ஏனென்றால் எரிபொருளில் உள்ள மெத்தனால் ஈரத்தை உறிஞ்சும். எரிபொருள் கிடைப்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் பொதுமக்களுக்கு உரிமமின்றி 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமெத்தேன் உள்ள எரிபொருளை விற்கக் கூடாது.

பந்தயத்தில் நைட்ரோவுக்கு இன்னும் மதிப்பு உண்டு. 125 சிசி டேங்கை நிரப்பச் சில நொடிகள் போதும், நீண்ட இறுதிச் சுற்றுகளையும் அவ்வப்போது நிரப்பிக்கொண்டே ஓட்டி முடிக்கலாம். மின்சார வண்டியில் தீர்ந்த பேட்டரியைக் கழற்றி மாற்ற வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டுமே விளையாட்டல்ல. ஓட்டாத நாட்களில் லைப்போவை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, தீப்பிடிக்காத பெட்டியில் வையுங்கள்; உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். நைட்ரோவில் சிக்னல் அறுந்தால் த்ராட்டில் மூடிக்கொள்ளும்படி ஃபெயில்சேஃப் அமைக்காமல் எஞ்சினைக் கிளப்பவே கூடாது. ரிசீவர் பேட்டரியே செத்துவிட்டால் ஃபெயில்சேஃப் உதவாது; கார்புரேட்டரை இழுத்து மூட ஒரு ஸ்பிரிங்கும் மாட்டுங்கள்.

23 முதல் 32 சிசி வரை பெட்ரோல் எஞ்சின் கொண்ட, ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள 1/5 வண்டிகளும் உண்டு. பெட்ரோலும் எண்ணெயும் எளிதில் கிடைக்கும். ஆனால் எடை 10 கிலோவைத் தாண்டும். பெரிய திடலும், எஞ்சினை அணைக்கத் தனியாக இயங்கும் கில் ஸ்விட்சும் இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

என் பரிந்துரை பிரஷ்லெஸ்தான்: 6எஸ் தாங்கும் சேசிஸ், முதல் சில மாதங்கள் 4எஸ் பேட்டரி. எஞ்சினைக் கற்றுக்கொள்ளவே ஆசை என்றால் தயங்காமல் நைட்ரோ வாங்குங்கள். பழைய நைட்ரோ சேசிஸை மின்சாரத்துக்கு மாற்ற நினைப்பவர்கள், மோட்டார் மவுண்டை மட்டும் பார்த்துவிட்டுக் காசு கொடுத்துவிடாதீர்கள். பேட்டரியை ஒரு பக்கமும் மோட்டாரை மறுபக்கமும் வைத்து எடையைச் சமன்செய்ய இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.