தொழில் கற்க எது நல்லது: வகுப்பா, வேலையா, விற்றுப் பார்ப்பதா?

சொந்தத் தொழில் கனவோடு இருப்பவர் பயிற்சி வகுப்பில் சேரலாம். அதே தொழிலில் இருப்பவரிடம் வேலைக்குப் போகலாம். இல்லையென்றால், பார்க்கிற வேலையை விடாமலே சிறிய அளவில் விற்றுப் பார்க்கலாம். என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஆனாலும் மற்ற இரண்டையும் தள்ளிவிட முடியாது.

வகுப்பின் பலம் கணக்கு. லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு என்பது பலருக்குத் தொழில் படுத்த பிறகுதான் உறைக்கிறது. சரக்கை நல்ல லாபத்துக்குக் கடனில் விற்றாகிவிட்டது. வாங்கியவர் 60 நாளில்தான் பணம் தருவார். நமக்குச் சரக்கு கொடுத்தவருக்கோ 15 நாளில் கொடுத்தாக வேண்டும். நடுவில் 45 நாள் இழுபறி. சம்பளம், வாடகை எல்லாம் அதற்குள்தான் வந்து நிற்கும். விற்பனை கூடக் கூட இந்தப் பள்ளமும் பெரிதாகும். இதைத் தாளில் போட்டுக் காட்ட நல்ல ஆசிரியருக்கு ஒரு மணி நேரம் போதும். கையைச் சுட்டுக்கொண்டு கற்க வேண்டிய பாடமே இல்லை.

ஆனால் எந்த வகுப்பு என்பதும் முக்கியம். டோகோ நாட்டின் லோமே நகரில் 1,500 சிறு தொழில்முனைவோரை வைத்து நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. தானே முன்வந்து வாய்ப்பைத் தேடவும், தடை வந்தால் வேறு வழி பார்க்கவும் பழக்கிய பயிற்சியால் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான வணிகப் பாடத்தில் சுமார் 11 சதவீதம்தான்; அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவு. ஆகவே, பாடத்திட்டம் தடிமனாக இருக்கிறதே என்று பணம் கட்டிவிடாதீர்கள்.

வேலைக்குப் போனால் எந்த வாடிக்கையாளர் பாக்கி வைப்பார், எந்தச் சரக்கு திரும்பி வரும், எந்த மாதம் மந்தம் என்பதெல்லாம் அடுத்தவர் போட்ட முதலீட்டில் தெரிந்துவிடும். அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலான நிறுவனங்களை ஆராய்ந்ததில், தொடங்கியபோது நிறுவனர்களின் சராசரி வயது 45 என்று தெரிந்தது. அதே துறையில் முன்பு வேலை பார்த்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. குறை என்னவென்றால், முதலாளியின் தலைவலியில் பாதிதான் ஊழியர் கண்ணில் படும்.

சரி, விற்றுப் பார்ப்பதற்கு வருவோம். 1999-ல் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் காலணி விற்க நினைத்தபோது சரக்கை வாங்கிக் குவிக்கவில்லை. கடைகளில் இருந்த காலணிகளைப் படமெடுத்துப் போட்டார். ஆர்டர் வந்த பிறகு அதே கடையில் வாங்கி அனுப்பினார். காலில் போட்டுப் பார்க்காமல் காலணி வாங்குவார்களா என்ற கேள்விக்கு அப்படித்தான் பதில் கிடைத்தது. அதுதான் பிறகு ஜாப்போஸ் என்ற இணையக் காலணி நிறுவனம் ஆனது. 'நல்ல யோசனை' என்று நண்பர்கள் சொல்வதை இதோடு ஒப்பிடவே முடியாது. பணம் கைமாறினால்தான் அது பதில்.

வேலையில் இருந்தபடியே தொடங்கி, பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள் தொழிலை மூடும் வாய்ப்பு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட 33 சதவீதம் குறைவு என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மருந்து, உணவு போல உரிமம் வாங்காமல் தொடவே கூடாத தொழில்களுக்கு மட்டும் இந்த வழி சட்டென்று ஒத்துவராது. அங்கே முதலில் வேலைக்குப் போய்க் கற்பதுதான் சரி. மற்றவர்கள் தொடங்குமுன் வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். பக்கத் தொழிலுக்குத் தடை இருக்கலாம். முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியலை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.